மாணவராய் அமர்ந்த குருவானவர்

பட்டம் பெற்றுவிட்டால் படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் நம்மில் பலர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் நாம் கூசுகிறோம். இவ்விரண்டுக்கும் மாறாக வாழ்ந்து காட்டியவர் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில், கரம்பன் என்னும் சிற்றூரில், 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின்பு கொழும்புக் குருமடத்திலும் பயின்றார். 1934-இல் ரோமாபுரி சென்று, 1938-இல் குருப்பட்டம் பெற்றார். இறையியலில் முனைவர் பட்டமும் அவரை அடைந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தார்.

தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்ற வந்த அடிகளார், வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பொறுப்பேற்றார். அங்கேதான் தம் குறையை அவர் உணர்ந்தார். பிற நாட்டு இலக்கியங்களைக் கற்ற தமக்குத் தாய்மொழி இலக்கியத்தில் போதிய பயிற்சி இல்லையே என்று வருந்தினார். வருந்தியதோடு நின்றாரில்லை. தமிழறிந்த ஆசிரியரை அணுகிப் பாடம் கேட்டார். 1945-இல், 32-ஆம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராய்ச் சேர்ந்தார். முனைவர் பட்டம் பெற்ற குருவானவர் இளைஞர்களோடு வகுப்பறையில் அமர்ந்திருந்த காட்சியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தோடு மனித உள்ளத்தை இணைத்துப் பாடிய சங்கப் புலவர்களை ஆராய்ந்து, கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு எழுதினார்.

கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. தமிழ் அறியாதவரும் தமிழின் சிறப்பை உணர, 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். விரிவுரையாளரான பின்னும் மாணவராகத் தயங்கவில்லை. பண்டைத் தமிழர் கல்வியை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஒரு முனைவர் பட்டம் பெற்றார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராய் விளங்கினார்.

இயேசு சபைக் குருவான புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அச்சானது. உலகம் மறந்திருந்த அந்நூலின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் மறுபடியும் வெளிவரச் செய்தவர் அடிகளாரே.

1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று உழைத்தார். அதன் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம் என்று மாநாடுகள் தொடர்ந்தன. 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியபோது அவர் இல்லை. 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் இறைவனடி சேர்ந்திருந்தார்.

அன்று வடக்கன்குளத்தில் வெட்கப்பட்டுத் தம் குறையை அவர் மறைத்திருந்தால், நல்ல ஆசிரியர் ஒருவர் என்ற அளவில் அவர் வாழ்வு முடிந்திருக்கலாம். குறையை ஒப்புக்கொண்ட தாழ்ச்சியே அவரை உலகறிந்த பேராசிரியராக்கியது. வகுப்பில் ஐயம் எழும்போது கை உயர்த்தத் தயங்கும் நமக்கு, அன்னாரது வாழ்வு துணிவு தருவதாக!