மதுக்கரைக்கு வந்த டென்மார்க்காரர்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



எங்க ஊர் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு பழைய ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. அதன்மேல் எல் அண்ட் டி என்று எழுதியிருக்கும். ரொம்ப நாளாக அதை ஏதோ மெஷின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான், அது இரண்டு நண்பர்களின் பெயர் என்று தெரிந்தது. ஒருவர் ஹென்னிங் ஹோல்க்-லார்சன், கெமிக்கல் இன்ஜினியர். இன்னொருவர் சோரன் டூப்ரோ, சிவில் இன்ஜினியர். டூப்ரோவைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். பெயரில் இரண்டாவது என்றாலும், இந்தியாவுக்கு முதலில் வந்தவர் அவர்தான்.

1906ல் பிறந்த டூப்ரோ, டென்மார்க்கில் சிமெண்ட் ஆலை இயந்திரங்கள் செய்யும் எஃப்.எல்.ஸ்மித் கம்பெனியில் வேலை பார்த்தார். 1934ல் அந்தக் கம்பெனி அவரை இங்கே அனுப்பியது. எங்கே தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கத்து மதுக்கரைக்கு! அங்கே சிமெண்ட் ஆலை இயந்திரங்களை நிறுவி ஓட்டிக் காட்டும் வேலை. பின்னர் 1937ல் லார்சனும் அதே கம்பெனி வேலையாக பம்பாய் வந்தார். இருவரும் மாத்தேரான் மலைக்கு விடுமுறைக்குப் போனபோது, சொந்தமாகத் தொழில் தொடங்கலாமே என்ற எண்ணம் பிறந்தது.

1938 மே 1ஆம் தேதி கூட்டுத் தொழில் ஆரம்பமானது. பம்பாயில் அவர்கள் பிடித்த ஆபீஸ் எவ்வளவு சின்னது என்றால், ஒரு நேரத்தில் ஒரு பார்ட்னர்தான் உள்ளே உட்கார முடியும்! ஆண்டது பிரிட்டிஷ்காரன், வாழ்ந்தது இந்திய மக்கள்; இவர்களோ இரண்டிலும் சேராத டென்மார்க் பிரஜைகள். டென்மார்க்கிலிருந்து பால்பண்ணை இயந்திரங்களை வரவழைத்து விற்றார்கள்.

அதற்குள் 1939ல் உலகப்போர் வந்துவிட்டது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக் கொண்டது. சரக்கு நின்றுபோனது. சொந்த ஊருக்கும் போக முடியாது, விற்கப் பொருளும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் கடையைச் சாத்தியிருப்பார்கள். இவர்கள் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போட்டார்கள். வாங்கி விற்றதைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். போரில் அடிபட்ட கப்பல்களைப் பழுதுபார்த்தார்கள். டாடாவின் சோடா ஆஷ் ஆலையை நிறுவ வேண்டிய ஜெர்மன் இன்ஜினியர்கள் சிறை வைக்கப்பட்டதால் அந்த வேலையும் இவர்கள் கைக்கு வந்தது. கஷ்டகாலம்தான் அவர்களை வியாபாரியிலிருந்து உற்பத்தியாளராக மாற்றியது.

போர் முடிந்ததும் மண் அள்ளும் இயந்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆனால் இரண்டு பேர் கைக்காசு போதவில்லை. அதனால் மற்றவர்களின் முதலையும் சேர்த்து, 1946 பிப்ரவரி 7ல் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆக்கினார்கள். 1948ல் பவாயில் 55 ஏக்கர் சதுப்பும் காடுமான நிலத்தை வாங்கினார்கள். 1950ல் அது பொதுமக்கள் பங்கு வாங்கும் கம்பெனி ஆனது. 1982ல் டூப்ரோ மறைந்தார். லார்சன் 2003 வரை இருந்தார். 2018ல் திறக்கப்பட்ட 182 மீட்டர் உயர படேல் சிலையைக் கட்டியதும் இதே கம்பெனிதான். ஸ்டார்ட்டர் செய்யும் பிரிவு 2020ல் கைமாறிப் போனாலும், எங்க ஊர்ப் பெட்டியில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன்? டிப்ளமோ முடித்ததும் நானும் என் ரூம் நண்பனும் ஒரு லேத் போடலாம் என்று இருக்கிறோம். அவன் வேற ஊர், வேற சாதி. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கூட்டுத் தொழில் என்றாலே கடைசியில் சண்டைதான், பேசாமல் வேலைக்குப் போ என்கிறார் அப்பா. அவர் பயம் நியாயமானதுதான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவரை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய், அந்தப் பெட்டியைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பவாய் காட்டுக்கு முன்னால், ஒரே ஆள் உட்காரும் ஆபீஸ் ஒன்று இருந்தது நண்பர்களே. அதை மறக்க வேண்டாம்!