பனி மலையில் பாதை போட்ட ஏழை

மார்கழி பிறந்தால் ஓசூர், தளி பக்கத்தில் பல் தந்தியடிக்கும். கம்பளியை இழுத்துப் போர்த்திக் கொண்டு, வெயில் எப்போது வரும் என்று காத்திருப்போம்.

மாதக்கணக்கில் பனி கொட்டிக் கிடக்கும் ஊரில் ஒருவர் பிறந்தார். அந்தப் பனியே அவருக்கு விளையாட்டுத் தோழன்!

அவர் பெயர் சோண்ட்ரே நோர்ஹெய்ம். நார்வே நாட்டில், டெலிமார்க் பகுதியில் உள்ள மோர்கெடால் என்ற மலைக் கிராமத்தில், 1825-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி பிறந்தார். இன்று உலகம் எங்கும் ஆடப்படும் பனிச் சறுக்கு விளையாட்டுக்கு இவரைத்தான் தந்தை என்கிறார்கள்.

தந்தைக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறர் நிலத்தில் குடிசை. அதற்கு ஈடாக நிலக்காரருக்கு உழைக்க வேண்டும். சோண்ட்ரே வளர்ந்து, மணமுடித்த பிறகும் அதே பிழைப்புத்தான்.

கூரையில் இருந்து குதித்தார்

அந்த ஊரில் பனிக்காலத்தில் வெளியே போக வேண்டுமானால், காலில் நீண்ட மரக்கட்டைகளைக் கட்டிக் கொள்வார்கள். நமக்குச் செருப்பு மாதிரி. சோண்ட்ரே அதைக் கட்டிக் கொண்டு பனி மூடிய கூரையில் இருந்தே குதிப்பாராம்.

அப்போது கட்டையைப் பாதத்தின் முன்பக்கம் மட்டுமே கட்டுவார்கள். குதித்தால் கழன்று போகும். இவர் வளையும் மரக் கொம்புகளை முறுக்கி, குதிகாலையும் சுற்றிக் கட்டினார். கட்டையின் நடுவை இடுப்பு மாதிரி ஒடுக்கினார். அதன் பிறகு கட்டை காலோடு ஒட்டிக் கொண்டது. நினைத்த பக்கம் திரும்பியது. தடியை ஊன்றித் தடுமாற வேண்டியதில்லை!

மோர்கெடால் இளைஞர்கள் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குதிப்பதற்கு ஒன்று. மேடு பள்ளத்தில் குலுங்கி இறங்க ஒன்று. வளைந்து இறங்கும் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர்தான் இன்றைய 'சலாலம்'. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஆனால், கால் தரையில் நிற்காது!

பலரும் ஒரே இடத்தில் திரும்பினால், ஒதுக்கப்படும் பனி குவிந்து சிறு மேடுகளாகும். அவற்றுக்கு 'மொகல்' என்று பெயர். டில்லி முகலாயருக்கும் இதற்கும் உறவு இல்லை. குன்று என்று பொருள்படும் ஆஸ்திரியப் பேச்சு வழக்குச் சொல்லில் இருந்து வந்ததாம். அந்த மேடுகளில் இறங்கும் போட்டிக்கு 1992-ல் ஒலிம்பிக் பதக்கமே கொடுத்தார்கள்.

மூன்று நாள் பயணம்

1868-ம் ஆண்டு தலைநகர் கிறிஸ்டியானியாவில் பெரிய போட்டி நடந்தது. அந்த நகரம்தான் இன்றைய ஆஸ்லோ. சோண்ட்ரேக்கு வயது 42. தலைநகர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூருக்குப் போய்த் திரும்பும் தூரம்! கட்டையைக் கட்டிக் கொண்டு மூன்று நாள் சறுக்கியே போய்ச் சேர்ந்தார்.

அங்கே வயதில் பாதி உள்ளவர்களும் நின்றார்கள். தடி இல்லாமல் பாய்ந்து, குதித்து, வளைந்து நின்ற இந்தக் குடிசைக்காரரே வெற்றி பெற்றார். பட்டணத்து மக்கள் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை.

கப்பல் ஏறினார்

புகழ் வந்தது. வயிறு நிறையவில்லை. அந்தக் காலத்தில் நார்வேயில் இருந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் நிலம் தேடி அமெரிக்கா போனார்கள். 1884-ல் சோண்ட்ரேயும் மனைவி மக்களுடன் கப்பல் ஏறினார். அப்போது 60-ஐ நெருங்கும் வயது.

கடைசியில் குடியேறிய இடம் வடக்கு டகோட்டா. நிலம் கிடைத்தது. பனியும் கொட்டியது. ஆனால், சறுக்க மலை இல்லை! கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. அவருடைய சறுக்குக் கட்டைகள் மட்டும் வாசல் ஓரத்தில் எப்போதும் தயாராகச் சாத்தி இருக்குமாம்.

1897 மார்ச் 9-ந் தேதி இறந்தார். பல ஆண்டுகள் அவர் கல்லறையில் பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லை.

அடுப்பில் எடுத்த நெருப்பு

1952-ல் ஆஸ்லோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. தீபத்தை எங்கே ஏற்றுவது? மோர்கெடாலில் அவர் வாழ்ந்த குடிசை அடுப்பில் ஏற்றினார்கள்! 94 வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, பனியில் சறுக்கியே அதை ஆஸ்லோவுக்குக் கொண்டு போனார்கள்.

1960-ல் அமெரிக்காவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிற்கும் அதே அடுப்பில்தான் நெருப்பு எடுத்தார்கள். இந்தத் தடவை அமெரிக்கப் பயணம் கப்பலில் அல்ல, விமானத்தில்.