டாக்டர் கோட்னிஸ்

சுவர் இதழில் எல்லோரும் தலைவர்களைப் பற்றி எழுதிட்டாங்க. அதனால் நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். சீனாவில் இவருக்குச் சிலையே இருக்கிறது. நம்ம வகுப்பில் கேட்டேன், ரெண்டு பேருக்குத்தான் பெயர் தெரிந்தது. அவர் துவாரகாநாத் கோட்னிஸ்.

1910 அக்டோபர் 10 அன்று மகாராஷ்டிரத்தில் உள்ள சோலாப்பூரில் பிறந்தார். போர்வைக்குப் பேர்போன ஊர். வீட்டில் வசதி அதிகம் இல்லை. கூடப் பிறந்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், அக்கா தங்கை ஐந்து பேர். பம்பாயில் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். அந்த மாதிரி வீட்டில் ஒரு பிள்ளை டாக்டர் ஆனால் எல்லோரும் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்திருப்பாங்க!

1937ல் ஜப்பான் சீனா மேல் பெரிய படையெடுப்பு நடத்தியது. காயம்பட்டவர்களைப் பார்க்க அங்கே போதுமான டாக்டர்கள் இல்லை. சீனத் தளபதி சூ தே, டாக்டர்களை அனுப்பும்படி நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது நம்ம நாடே வெள்ளைக்காரன் கையில் இருந்தது. ஆனாலும் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி திரட்டினார். 1938 செப்டம்பரில் ஐந்து டாக்டர்கள் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். அதில் கோட்னிஸுக்கு வயது 27.

சீனாவில் சுங்கிங் நகரில் இருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோன செய்தி வந்தது. ஊருக்குப் போய்விட்டு வரும்படி கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் போகவில்லை. போர்முனைக்குப் போகும் வழியில் ஏனான் என்ற ஊருக்கு மற்றவர்களோடு கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். எங்க மாமா ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்டாக இருக்கிறார். தாத்தா இறந்தபோது எல்லையில் இருந்து கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. அதிலிருந்து ஆயா மாமாவிடம் சரியாகப் பேசுவதே இல்லை. மாமாவாவது வரப் பார்த்தார். இந்த டாக்டர் வரவே இல்லையே என்று எனக்குக் கோபமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி படித்தேன்.

1939 பிப்ரவரியில் ஏனான் போய்ச் சேர்ந்தார். பிறகு வடக்கே மலைப் பகுதியில் போர்முனைக்குப் போனார். அங்கே அடிபட்டவரைத் தூரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விடும். அதனால் சாமான்களைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு டாக்டர்களே சண்டை நடக்கிற பக்கம் போவார்கள். அந்த முறையை அங்கே நடத்திக் காட்டியவர் கனடா டாக்டர் நார்மன் பெத்யூன். ஆபரேஷன் செய்யும்போது விரலில் கத்தி பட்டு, ரத்தத்தில் விஷம் ஏறி, 1939 நவம்பரில் அவர் இறந்துபோனார்.

1940ல் நடந்த ஒரு நீண்ட சண்டையில் கோட்னிஸ் 72 மணி நேரம் தூங்காமல் ஆபரேஷன் செய்தார். 800 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். 72 மணி என்றால் நம்ம நெய்வேலிக் கணக்கில் ஒன்பது ஷிப்ட்! எங்க அப்பா ஒரு நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தாலே, தட்டில் சோறு இருக்கும்போதே கண் சொக்கிவிடும்.

1941ல் பெத்யூன் பெயரில் இருந்த ஆஸ்பத்திரிக்கு கோட்னிஸ் இயக்குநர் ஆனார். சீன மொழி கற்றுக்கொண்டு அதிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அங்கே நர்சுகளுக்குப் பாடம் சொல்லித்தந்த குவோ சிங்லான் என்பவரை அதே வருடம் திருமணம் செய்துகொண்டார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். இன்ஹுவா என்று பெயர் வைத்தார்கள். சீன மொழியில் இன் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா. எனக்கு ரொம்பப் பிடித்த பெயர்.

ஆனால் கோட்னிஸுக்கு வலிப்பு நோய் இருந்தது. ஓய்வு எடுக்கச் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. அறுவை சிகிச்சை பற்றி ஒரு பாடப்புத்தகம் எழுதிக்கொண்டு இருந்தார். அதை முடிக்கவில்லை. 1942 டிசம்பர் 9 அன்று இறந்தார். 32 வயது. குழந்தைக்கு மூன்றரை மாதம். கூடப் போன நாலு டாக்டர்களும் இந்தியா திரும்பினார்கள்.

1946லேயே சாந்தாராம் இவர் கதையை இந்தியில் படமாக எடுத்து, அவரே கோட்னிஸாக நடித்தார். சீனா 1982லும் இந்தியா 1993லும் தபால்தலை வெளியிட்டன. ஷிஜியாசுவாங் நகரில் பெத்யூன் சமாதிக்குப் பக்கத்தில் இவர் சமாதி இருக்கிறது. மகன் இன்ஹுவாவும் அப்பா மாதிரி டாக்டருக்குப் படித்தான். படிப்பு முடியப்போகிற நேரத்தில், 1967ல், அவனும் இறந்துபோனான். அதைப் படிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. குவோ சிங்லான் பல தடவை இந்தியா வந்து கோட்னிஸ் குடும்பத்தாரைப் பார்த்தார். 2012ல், 96 வயதில் காலமானார்.

இதையெல்லாம் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். 72 மணி நேரம், சிலை, சினிமா எதையும் ஆயா கேட்கவில்லை. அந்தப் பொண்ணு கைக்குழந்தையை வச்சிக்கிட்டு என்ன பண்ணுச்சு என்று மட்டும் கேட்டாங்க. நர்ஸ் வேலை தெரிந்தவங்க, சீனாவிலேயே இருந்து பிள்ளையை வளர்த்தாங்க என்று சொன்னேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க.

ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்தார். எப்பவும் அம்மாதான் பேசுவாங்க. அன்றைக்கு ஆயா போனைக் கேட்டு வாங்கி, அங்க குளிரு எப்படி இருக்குன்னு விசாரிச்சாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி