ஆகஸ்ட் வோலர்: இரும்பின் அயர்ச்சியை அளந்தவர்

ஆடிக் காற்றில் தெருவிளக்குக் கம்பம் ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்று நின்றால் கம்பமும் நின்றுவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் அந்த ஆட்டத்தை இரும்பு மறப்பதில்லை. இதை அளந்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இந்த இதழில் பார்ப்போம்.

ஆகஸ்ட் வோலர் 1819 ஜூன் 22 அன்று ஜெர்மனியின் சோல்டாவ் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். ஹானோவரில் பொறியியல் படித்தார். பிறகு பெர்லினில் போர்சிக்கின் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

அவர் இளைஞராக இருந்தபோது, 1842 மே 8 அன்று, பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. வண்டி தடம் புரண்டு தீப்பிடித்தது. பெட்டிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்ததால் 50 பேருக்கு மேல் இறந்தனர். வேறு இடங்களிலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சுகள் திடீரென முறிந்தன. தாங்கக்கூடிய எடையைத்தான் அவை சுமந்தன. பிறகு ஏன் முறிந்தன?

1847 முதல் ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட்டில் ரயில்வே பணிமனைப் பொறுப்பில் இருந்த வோலர், இதற்கு விடை தேடினார். ஓடும் வண்டியில் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் தாமே செய்த கருவியால் அளந்தார். பிறகு இரும்புத் தண்டுகளில் எடையைக் கட்டி, அவை முறியும்வரை சுழற்றும் இயந்திரங்களை அமைத்தார். சில தண்டுகள் பல கோடி முறை சுழன்றன. 1858-லிருந்து 1870 வரை முடிவுகளைப் படிப்படியாக வெளியிட்டார்.

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் அறுந்துவிடும் என்பது கொத்தனாருக்குத் தெரியும். எத்தனை முறை வளைத்தால் அறும் என்பதற்குக் கணக்கு தந்தவர் வோலர். விசை குறையக் குறைய இரும்பு அதிக முறை தாங்கும். ஒரு எல்லைக்குக் கீழே போனால், எத்தனை முறை ஆட்டினாலும் அவருடைய தண்டுகள் முறியவில்லை. முடிவுகளை அவர் அட்டவணையாகவே தந்தார். பின்னால் வந்தவர்கள் அதை வரைபடமாக்கி அவர் பெயரையே சூட்டினர்.

1874 முதல் 1889 வரை ஸ்ட்ராஸ்பர்க்கில் ரயில்வே நிர்வாகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றார். 1914 மார்ச் 21 அன்று, 94 வயதில், ஹானோவரில் காலமானார்.

இன்று கடலில் காற்றாலை நிறுவுவோரும் அவருடைய கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரிய கடல் காற்றாலையின் இறக்கை நுனி நம் ராஜகிரியின் உயரத்துக்கு, அதாவது சுமார் 800 அடிக்கு எழும். உருண்டையான கோபுரத்தைக் கடக்கும் காற்று, பின்புறம் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களை விட்டுச் செல்லும். அதனால் கோபுரம் பக்கவாட்டில் ஆடும். மூன்று இறக்கைகளில் ஒவ்வொன்றும் கோபுரத்தைக் கடக்கும்போது ஒரு சிறு அதிர்வு உண்டாகும். நிமிடத்துக்கு 10 சுற்று என்று வைத்துக்கொண்டால், நிற்காமல் சுழலும் காற்றாலையில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி அதிர்வுகள். அலையின் மோதல் தனி. உப்புநீர் அரிப்பும் சேர்ந்தால், வோலர் கண்ட அந்தப் பாதுகாப்பு எல்லையையும் நம்ப முடியாது. வெல்டிங் இணைப்பில் தொடங்கும் மயிரிழை விரிசல் மெல்ல வளரும். மன்னார் வளைகுடாவில் காற்றாலை நிறுவத் திட்டமிடும் நம் மாநிலத்துக்கும் இந்தக் கணக்கு முக்கியம்.

நம் தெருவிலும் இதே விதிதான். பல ஆண்டுகள் நின்ற கம்பம் இனியும் நிற்கும் என்று சொல்ல முடியாது. அத்தனை ஆண்டுகளும் அது ஆடியிருக்கிறது. கம்பத்தின் அடிப்பகுதி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டின் வெல்டிங், தகரக் கூரையின் போல்ட் ஆகியவற்றில் விரிசலோ துருக் கோடோ தெரிந்தால், தொடாமல், உடனே சங்கத்துக்குத் தெரிவியுங்கள். காற்றுக் காலம் தொடங்கும் முன் சரிசெய்துவிடலாம்.