படித்துச் சொன்னவர் க.நா.சு.

நம் சுவர் இதழில் விஞ்ஞானிகள், தலைவர்கள் வரலாறு நிறைய வந்துவிட்டது. நான் ஒரு எழுத்தாளரைப் பற்றி எழுதுகிறேன். கதை எழுதியவர் என்பதைவிட, எந்தக் கதையைப் படிக்கலாம் என்று ஊருக்கே சொன்னவர். பெயர் க.நா.சுப்ரமண்யம். சுருக்கமாக க.நா.சு.

1912-இல் வலங்கைமானில் பிறந்தார். அப்பா தபால் இலாகாவில் வேலை. சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். எழுதினால் சோறு கிடைக்குமா என்று நம் வீட்டில் எல்லாம் கேட்பாங்க இல்லையா? (எங்க அப்பா இந்தக் கட்டுரையைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டார்.) ஆனால் க.நா.சு.வின் அப்பா நேர் எதிர். மகன் இங்கிலீஷில் எழுதி உலகப் புகழ் பெறணும் என்று ஆசைப்பட்டு அவரே ஊக்கம் கொடுத்தார். மகனோ மணிக்கொடி பத்திரிகையைப் படித்துவிட்டுத் தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அவர் வாழ்நாளில் பெரும்பகுதி மாதச் சம்பளம் இல்லாமல் எழுத்தை நம்பியே வாழ்ந்தார். அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தமிழ் அம்மா விளக்கினாங்க. கட்டுரை எழுதி அனுப்பணும். அச்சில் வந்தால்தான் பணம், வராவிட்டால் தபால் செலவும் நஷ்டம். புத்தக மதிப்புரை என்றால் இன்னும் மோசம். முந்நூறு பக்கத்தை ஒழுங்காகப் படிக்க நாலைந்து நாள் ஆகும், எழுதுவது ஒன்றரைப் பக்கம், கூலி அந்த ஒன்றரைப் பக்கத்துக்குத்தான். அதனால் சிலர் அட்டையையும் முன்னுரையையும் பார்த்துவிட்டு எழுதிவிடுவார்களாம். க.நா.சு. நிஜமாகவே படித்தவர். தமிழ் மட்டுமில்லை, ஐரோப்பிய நாவல்களை இங்கிலீஷ் வழியாகப் படித்து, பிடித்ததைத் தமிழில் மொழிபெயர்த்தும் கொடுத்தார். நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன் நாவல் ‘நிலவளம்’ ஆனது. இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய முதல் பெண்ணான செல்மா லாகர்லெவ் எழுதியது ‘மதகுரு’ ஆனது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’யும் அவர் மொழிபெயர்த்ததுதான்.

அவர் பத்திரிகையும் நடத்திப் பார்த்தார். 1939-இல் ‘சூறாவளி’, பிறகு ‘சந்திரோதயம்’, 1963-இல் ‘இலக்கிய வட்டம்’. மூன்றும் நீடிக்கவில்லை.

அவருக்கு விரோதிகள் நிறைய. காரணம் மதிப்புரைதான். 1950களில், லட்சக்கணக்கானோர் விரும்பிப் படித்த கல்கி போன்றவர்களின் தொடர்கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, அதிகம் பேருக்குத் தெரியாத புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ராஜகோபாலன் இவர்களைத்தான் உசத்தி என்றார். திரும்பத் திரும்ப அதே பெயர்களைப் பட்டியல் போடுகிறார் என்று கேலி செய்தார்கள். எழுதிப் பிழைக்கிறவர் பத்திரிகைக்காரர்களையும் பிரபலமானவர்களையும் பகைத்துக்கொண்டால் வருமானம் என்ன ஆகும்? அது தெரிந்தும் சொன்னார். நம் வகுப்பில் நூலக நோட்டில் கருத்து எழுதச் சொன்னால் எல்லாரும் ‘மிக அருமை’ என்று எழுதிவிட்டுப் போகிறோமே, அதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு சம்மதம் இல்லை. இது நல்ல நாவல், இது இல்லை என்று அவர் தீர்ப்பு சொல்லிவிடுவார், ஏன் என்று விரிவாகச் சொல்வது குறைவு. அவருடைய நண்பர் சி.சு.செல்லப்பா, வரிவரியாக அலசிக் காட்டணும் என்ற கட்சி. 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகை ஆரம்பித்து அப்படியே செய்தார். நான் செல்லப்பா கட்சி. கணக்கில் விடை மட்டும் எழுதினால் சார் முழு மார்க் போடமாட்டார், வழிமுறையும் வேணும்.

இருந்தாலும் பட்டியலால் நன்மையும் உண்டு. ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமம், நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு விதவைப் பெண். எங்க அம்மிச்சிக்கு நான் அதை வாசித்துக் காட்டினேன். நம்ம பேச்சு புத்தகத்தில் இருக்குதா என்று ஆச்சரியப்பட்டு, நாலு நாளும் தறி நிறுத்தியதும் வந்து உட்கார்ந்துகொண்டாங்க.

எந்தப் புத்தகத்தை ஏன் படிக்கணும் என்று அவர் எழுதியவை 1957-இல் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று நூலாக வந்தன. 1986-இல் ‘இலக்கியத்துக்கு ஒரு இயக்கம்’ என்ற விமர்சன நூலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அப்போது வயது 74. கண்பார்வை மங்கிய பிறகும் எழுதுவதை விடவில்லை. 1988 டிசம்பரில் டெல்லியில் காலமானார்.

அவருடைய சொந்த நாவல் ‘பொய்த்தேவு’ 1946-இல் வந்தது. சாத்தனூர் மேட்டுத் தெருவில் பிறந்த ஏழைப் பையன் சோமு பெரிய வியாபாரி ஆகி, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிற கதை. நடுவில் கொஞ்சம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கோங்க. நம் பள்ளி நூலகத்தில் அது இல்லை. ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு பிரதி உண்டு, இப்போது என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.