ரத்தத்தில் ஒளிந்திருந்த அடையாளம்!

குழந்தைகளே! பிறந்த உடனேயே உங்களில் பலருக்கு ஓர் ஊசி போட்டிருப்பார்கள். கல்லீரலைத் தாக்கும், 'ஹெபடைடிஸ் பி' என்ற மஞ்சள் காமாலையைத் தடுக்கும் ஊசி அது. அதற்கு வழிகாட்டியவர் பாரூக் புளூம்பெர்க்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், 1925 ஜூலை 28ல் பிறந்தார். முதலில் இயற்பியல் படித்தவர், பின்னர் மருத்துவம் படித்து, 1951ல் டாக்டரானார். ஒரே ஊரில் வாழ்ந்தாலும், சிலரை மட்டும் நோய் தாக்குவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, பல நாட்டு மக்களின் ரத்தத்தைச் சேகரித்து ஆராய்ந்தார்.

ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில், 1963ல் ஒரு புதுப் புரதம் தென்பட்டது. அது என்னவென்று அப்போது புரியவில்லை. ஆனாலும், 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என பெயரிட்டு, விடாமல் ஆராய்ந்தார். அது ஹெபடைடிஸ் பி வைரசின் மேலுறை என்பது, சில ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. அந்த மேலுறையிலிருந்தே தடுப்பூசி தயாரிக்கும் வழியை, 1969ல் இர்விங் மில்மனுடன் சேர்ந்து உருவாக்கினார். 1976ல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தப் புரதம் ரத்தத்தில் இருந்தால், கிருமி இருக்கிறது என்று பொருள். மறைந்து விட்டால், உடல் நோயை வென்று விட்டது என்பதற்கு அடையாளம்! பெரியவர்களுக்குத் தொற்றினால், 100ல் சுமார் 95 பேருக்கு ஆறு மாதத்திற்குள் தானாகவே மறைந்து விடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ, 100ல் சுமார் 90 பேருக்கு நெடுங்காலம் தங்கி விடும். அப்படித் தங்கியவர்களில், ஆண்டுக்கு 100ல் ஒருவர் அளவில்தான் தானாக மீள்கின்றனர்.

திருவண்ணாமலை பக்கத்து வயல் வரப்புகளில், கீழாநெல்லிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். காமாலைக்கு அதை அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அது உண்மையில் பலன் தருமா? சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், புளூம்பெர்க்குடன் இணைந்து, 1988ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நெடுநாளாகக் கிருமி தங்கியிருந்தவர்களில், 37 பேருக்கு கீழாநெல்லிப் பொடியும், 23 பேருக்கு மருந்தில்லாத பொடியும் தரப்பட்டன. முதல் குழுவில் 22 பேருக்குப் புரதம் மறைந்தது. அடுத்த குழுவில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது.

மருந்தே இல்லாமல் மீண்ட அந்த ஒருவரைக் கவனித்தீர்களா? தானாகக் குணமாவதும் உண்டு. அதனால்தான், மருந்து சாப்பிட்டவரையும், சாப்பிடாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில், கீழாநெல்லிக்கு அதே பலன் கிடைக்கவில்லை. எனவே, இந்நோய்க்கு அதை நம்பி, டாக்டரிடம் போகாமல் இருக்கக் கூடாது.

யார் தானாக மீள்வர் என்பதை முன்கூட்டியே கணிக்கவும், அதே புரதம் இன்று உதவுகிறது. ரத்தத்தில் அதன் அளவு மிகக் குறைவாக இருந்தாலோ, ஆண்டுதோறும் குறைந்து வந்தாலோ, மீளும் வாய்ப்பு அதிகம்.

புளூம்பெர்க், 2011 ஏப்ரல் 5ல், 85ம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாளான ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உங்கள் வீட்டில் தம்பி, தங்கை பிறந்தால், 24 மணி நேரத்திற்குள் அந்த ஊசியைப் போட்டாயிற்றா என்று, நீங்களும் கேளுங்கள்!