4 வருஷம்தான் டைம்... பாதியில் நின்ற சட்டப் படிப்பை முடிக்க அம்பேத்கர் மீண்டும் லண்டன் போனது எப்படி?

காலை நேரத்தில் அம்பத்தூர், ஆவடி ஸ்டேஷன்களில் திருவள்ளூர் பக்கம் போகும் ரயிலில் ஏறுபவர்களில் சட்டக் கல்லூரி மாணவர்களும் உண்டு. பூந்தமல்லியில் பஸ் பிடிப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் போகும் இடம், திருவள்ளூரைத் தாண்டி உள்ள பட்டரைபெரும்புதூர். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த பழைய சட்டக் கல்லூரி 2018-ல் இடம் மாறியபோது, ஒரு பகுதி இங்கேயும் இன்னொரு பகுதி புதுப்பாக்கத்துக்கும் போனது. இரண்டு இடத்திலும் பெயர்ப் பலகையில் இருப்பது ஒரே பெயர்தான்: டாக்டர் அம்பேத்கர்.

அரசியல் சாசனம் எழுதியவர், முதல் சட்ட அமைச்சர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரும் ஒரு காலத்தில் சட்ட வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிய மாணவர் என்பது பலருக்குத் தெரியாது. மறுபடியும் கப்பல் ஏற அவருக்கு 3 வருஷம் பிடித்தது. அந்த 3 வருஷத்தில் என்ன நடந்தது? பார்க்கலாம்.

முதல் பயணம்: ஸ்காலர்ஷிப் கொடுத்த பரோடா மன்னர்

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர் பீமராவ். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதியில் பிறந்ததால், பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக்கூட விடவில்லை. அதையும் மீறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார்.

1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு மாதம் 11.5 பவுண்டு வீதம் 3 ஆண்டுகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தார். படித்து முடித்ததும் பரோடா அரசில் 10 வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915-ல் எம்.ஏ. முடித்தார்.

அடுத்து 1916-ல் லண்டன். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு. பொருளாதாரத்துக்கு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பாரிஸ்டர் ஆக கிரேஸ் இன்.

அது என்ன 'இன்'? இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்றால் லண்டனில் உள்ள 4 பழமையான வழக்கறிஞர் அமைப்புகளில் ஒன்றில் சேர வேண்டும். அவற்றில் ஒன்றுதான் கிரேஸ் இன். பரீட்சையில் பாஸ் ஆனால் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அங்கே நடக்கும் விருந்துச் சாப்பாட்டிலும் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. அதாவது, ஊரில் இருந்துகொண்டே படித்து முடிக்க வழியே இருக்கவில்லை. ஆள் லண்டனில் இருந்தே ஆக வேண்டியிருந்தது.

கடலில் மூழ்கிய புத்தகங்கள்

1917-ல் ஸ்காலர்ஷிப் காலம் முடிந்துவிட்டது. கையில் பணம் இல்லை, ஊருக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். 4 வருஷத்துக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. அந்தக் கெடு ஒன்றுதான் அவர் கையில் இருந்த நம்பிக்கை.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அம்பேத்கர் ஒரு கப்பலில் வந்தார், ஆசை ஆசையாய்ச் சேர்த்த புத்தகங்கள் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. புத்தகங்கள் எல்லாம் போச்சு.

ஒப்பந்தப்படி பரோடாவில் வேலையில் சேர்ந்தார். மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. ஆனால் ஆபீஸில் பியூன்கூட கோப்பைக் கையில் தராமல் தூக்கிப் போட்டார். தங்க இடமும் கிடைக்கவில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. பரோடா வாழ்க்கை சில நாட்களிலேயே முடிந்தது.

450 ரூபாய் சம்பளம், ஒரே குறிக்கோள்

பம்பாய்க்குத் திரும்பியவர் டியூஷன் எடுத்தார். முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழிலும் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோனது.

1918 நவம்பரில் ஒரு வழி பிறந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை, மாதம் 450 ரூபாய் சம்பளம். பாடம் கேட்க மாணவர்கள் ஆர்வமாக வந்தார்கள். ஆனால் ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு, மீதி லண்டன் செலவுக்கு. குடும்பம் இருந்தது பரேல் பகுதியில், மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு லைன் வீட்டில். கொடுத்த காசுக்குள் குடும்பத்தை நடத்தியவர் மனைவி ரமாபாய். லண்டன் பயணத்துக்குச் சேர்ந்த பணத்தில் பாதி அவரது சிக்கனம் என்றே சொல்லலாம்.

இதற்கு நடுவில் 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் அதற்கு உதவினார். அவரே லண்டன் பயணத்துக்கும் கை கொடுத்தார். கொலம்பியாவில் உடன் படித்த பார்சி நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். ஒரு பார்சி விடுதியில் இருந்து விரட்டப்பட்டவருக்குக் கடன் கொடுத்துக் கைதூக்கி விட்டதும் ஒரு பார்சிதான்.

வேலையை ராஜினாமா செய்துவிட்டு 1920 ஜூலையில் கப்பல் ஏறினார். கெடு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. செப்டம்பர் கடைசியில், புதிய கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில், பழைய கல்லூரியில் மீண்டும் மாணவராக நின்றார்.

லண்டனில் அரை வயிறு

இந்த முறை ஸ்காலர்ஷிப் இல்லை. ஒவ்வொரு பைசாவும் எண்ணித்தான் செலவு. காலையில் நூலகம் திறக்கும்போது உள்ளே போனால், மூடும்போதுதான் வெளியே வருவார். மதியச் சாப்பாடு பல நாள் கிடையாது. ராத்திரி பசித்தால் அப்பளம்.

பலன் வரிசையாக வந்தது. 1921-ல் எம்.எஸ்சி., 1922-ல் பாரிஸ்டர். டாக்டர் பட்டத்துக்கான ஆய்வை மட்டும் திருத்தித் தரச் சொன்னார்கள். அதற்குள் பணம் தீர்ந்துபோனது. 1923-ல் பம்பாய்க்கு வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பி, அதே வருஷம் டி.எஸ்சி. பட்டமும் வாங்கினார். 1921-22-ல் அவர் தங்கியிருந்த லண்டன் கிங் ஹென்றிஸ் ரோடு 10-ம் எண் வீட்டை 2015-ல் மகாராஷ்டிர அரசு வாங்கியது. அது இப்போது நினைவு இல்லம்.

வகுப்பை விட்டவர் முதல்வர் ஆனார்

1930-ல் அம்பேத்கர் மறுபடியும் லண்டன் போனார். இந்த முறை மாணவராக இல்லை, வட்டமேசை மாநாட்டுப் பிரதிநிதியாக. ஒடுக்கப்பட்ட மக்கள் சார்பில் அவருடன் கலந்துகொண்ட இன்னொருவர், தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசன்.

1935-ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் ஆனார். பணம் இல்லாமல் சட்ட வகுப்பை விட்டு வந்தவர், ஒரு சட்டக் கல்லூரியையே நடத்தும் இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு மே 27-ல் ரமாபாய் காலமானார். அந்த லண்டன் பயணத்துக்காகச் சிக்கனமாகக் குடும்பம் நடத்திய ரமாபாய், கணவர் அரசியல் சாசன வரைவுக் குழுத் தலைவர் ஆனதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1956 டிசம்பர் 6-ல் அம்பேத்கர் மறைந்தார்.

இன்றைக்கு பட்டியலின மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க, மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் திட்டம் இருக்கிறது. கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அதில் அடங்கும். வெளிநாட்டுப் படிப்புக்குத் தயாராகும் மாணவர்கள் விண்ணப்பிக்கக் கடைசி தேதி எப்போது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. அம்பேத்கர் லண்டனை விட்டுக் கிளம்பியபோது கையோடு கொண்டுவந்ததும் ஒரு கடைசி தேதியைத்தான்.